சோலைவரியும் வாக்குரிமையும்



புத்தாண்டு பிறந்ததும் நகர்ப்புறத்து வீடுகளுக்கு வந்து சேரும் கடிதங்களுள் மாநகர சபையினதோ நகர சபையினதோ வரி அறிவித்தலும் ஒன்று. அரசாங்கக் காகிதங்களில் அது ஆதன வரி என்றும் மதிப்பீட்டு வரி என்றும் பெயர் பெறும். நம் மக்களின் பேச்சு வழக்கில் அது சோலைவரி. அக்கடிதத்தைப் படித்துப் பார்ப்போர் சிலர். படியாமலே மேசை இழுப்பறைக்குள் வைத்து விடுவோர் பலர். வைப்போரைக் குறை கூறுதல் இன்று என் நோக்கம் அன்று. அந்தச் சிறு காகிதத்தின் பின்னே இந்நாட்டு வரலாற்றின் ஒரு பெரிய பகுதி மறைந்து கிடக்கின்றது. குடிமக்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிவு செய்யும் உரிமை இலங்கை நகரங்களுக்கு முதன் முதலில் வந்தது வீட்டு வரியோடு கைகோத்துக் கொண்டே என்பதை எடுத்துக் காட்டுதலே இப்பேச்சின் பொருளாகும்.

வரி என்பது நமக்குப் புதியதொன்றன்று. இறை, திறை, கடமை, ஆயம் என அதற்கு எத்தனையோ பெயர்கள் நம் மொழியில் உள. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே மனையிறை என்னும் சொல்லையும் காண்கிறோம். ஆயின், அக்காலத்து வரியைக் கேட்பவன் வேந்தன், கொடுப்பவன் குடி. எதற்காகக் கொடுக்கிறேன், எவ்வளவு கொடுக்கிறேன் என்று அரசனை நிறுத்திக் கேட்கும் உரிமை தனிக் குடிமகன் ஒருவனுக்குச் சட்டத்தால் வகுக்கப்படவில்லை.

ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட காலத்தில் தோம்பு என்னும் பதிவேடுகள் எழுதப்பட்டன. ஆட்களுக்கு ஒரு தோம்பு, காணிகளுக்கு ஒரு தோம்பு என அவை வகுக்கப்பட்டிருந்தன. இன்ன காணி இன்னாருக்கு உரியது, அதில் நிற்கும் பயன்தரு மரங்கள் இவை, அவற்றால் அரசுக்குச் சேர வேண்டியது இவ்வளவு என்னும் விவரங்கள் அவற்றில் இடம்பெற்றன. இப்பதிவேடுகளால் நன்மையும் விளைந்தது. காணிப் பெயர்களும் எல்லைகளும் எழுத்தில் ஏறின. ஆனால், தோம்பு எழுதப்பட்டது குடியின் வசதிக்காக அன்று, கும்பினியின் வருவாய்க்காகவே. யாழ்ப்பாணத்து மக்கள் நிலவரியோடு தலைவரியும் இறுத்தனர், ஊழியமும் செய்தனர்.

1796 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கையிலிருந்த பகுதிகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையிலிருந்து இந்நாட்டை நிருவகித்தனர். பழைய சேவை முறைகளை ஒரே வீச்சில் நீக்கி, தென்னை மரங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி விதித்தனர். அதனை அறவிடுவதற்குச் சென்னை மாகாணத்து அமுல்தார்களை இறக்கினர். ஊர் வழக்கம் அறியாதோர் மரங்களை எண்ணத் தொடங்கினால் என்ன நிகழும்? கிளர்ச்சி மூண்டது. 1797 இல் டி மியூரோன் என்னும் தளபதியின் தலைமையில் விசாரணைக் குழுவொன்று அமர்த்தப்பட்டது. பழைய ஒழுங்குகளுக்கே திரும்புதல் தக்கது என அக்குழு கருதியது. மக்களை அறியாது விதிக்கும் வரி நில்லாது என்பது ஆங்கிலேயர் இங்கு கற்ற முதற் பாடம்.

அந்தப் பாடம் ஐம்பது ஆண்டுகளில் மறந்து போயிற்று. 1847 இல் கோப்பி வாணிகம் வீழ்ச்சியுற்றது, திறைசேரி வறண்டது. அப்போது தேசாதிபதியாக வந்திருந்தவர் டொறிங்டன் பிரபு. 1848 ஆம் ஆண்டில் அவர் அடுக்கடுக்காகப் புதிய வரிகளை விதித்தார். நாய் வளர்ப்போன் ஆண்டுக்கு ஒரு சிலிங் கொடுக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருப்போன் இரண்டரைச் சிலிங் கொடுத்து அனுமதி பெற வேண்டும். கடைக்கு ஒரு பவுண். வண்டிக்கும் தோணிக்கும் வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாக, வயதுவந்த ஒவ்வோர் ஆண்மகனும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என்று வீதிக் கட்டளைச் சட்டம் கூறியது. செல்வனுக்கும் மூன்று சிலிங். கூலிக்காரனுக்கும் மூன்று சிலிங். தொடக்கத்தில் பௌத்த துறவியரும் இதற்கு விலக்கல்லர்.

இச்சட்டங்களை எதிர்த்துக் கொழும்பில் ஒரு பத்திரிகாசிரியர் எழுதினார். அவர் கிறிஸ்தோபர் எலியற் என்னும் மருத்துவர். அவர் வெளியிட்ட கடிதம் சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டு மக்களிடையே பரவியது. கிளர்ச்சி யூலை மாதத்தில் வெடித்தது. தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடி சூட்டப்பட்டான். மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் எழுந்தனர். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8 ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். பௌத்த துறவி ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். செய்தி இலண்டனை எட்டியது. பாராளுமன்றத் தெரிவுக் குழு விசாரித்தது. 1850 இல் டொறிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். நாய்வரி முதலிய பல வரிகள் கைவிடப்பட்டன.

இக்கதையில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. மூன்று சிலிங் என்பது அரசாங்கத்தின் கண்ணுக்குச் சிறு தொகை. மக்கள் உயிரைக் கொடுத்து எதிர்த்தது தொகையை மட்டுமா? அன்று. கொடுப்போனின் நிலையைப் பாராமல் தலைக்கு இவ்வளவு என்று விதித்த முறையையும், தம்மை ஒரு வார்த்தை கேளாமல் விதித்த செருக்கையுமே எதிர்த்தனர். நீதியான வரிக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு என்பதை இதனால் அறிகிறோம். ஒன்று, கொடுப்போனின் வசதிக்கு ஏற்ற அளவு. மற்றொன்று, கொடுப்போனுக்குப் பேச ஓர் இடம்.

அந்த முதலாவது இலக்கணத்துக்கு ஆங்கில நாட்டிலேயே ஒரு பழைய வழி இருந்தது. 1601 ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில், வறியோரைப் பேணும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் உள்ள வறியோரை அவ்விடத்தாரே காத்தல் வேண்டும். அதற்கான பொருளை அங்குள்ள வீடுகளையும் நிலங்களையும் வைத்திருப்போரிடமிருந்து பெறுதல் வேண்டும் என்பது அதன் சாரம். ஊரில் திரட்டும் பொருளை ஊருக்கே செலவிடுதல் என்னும் கருத்து இச்சட்டத்தில் உறுதி பெற்றது. எவர் எவ்வளவு கொடுப்பது? இவ்வினாவுக்கு 1836 ஆம் ஆண்டின் சட்டமொன்று தெளிவான விடை கூறிற்று. ஒரு வீட்டை ஆண்டுக்கு ஆண்டு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்குமோ அதனையே அளவுகோலாகக் கொள்க என்பதே அவ்விடை. உடையவன் உண்மையில் வாடகைக்கு விட வேண்டியதில்லை. விட்டால் என்ன பெறும் என்பதே கணக்கு. மாளிகை அதிகம் பெறும். குடிசை குறைவாகப் பெறும். ஆகவே, மாளிகைக்கு அதிக வரி. குடிசைக்குக் குறைந்த வரி.

இரண்டாவது இலக்கணம் இலங்கைக்கு வந்தது 1865 இல். அவ்வாண்டின் 17 ஆம் இலக்க மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின்படி 1866 இல் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் இயங்கத் தொடங்கின. காலி அவற்றைத் தொடர்ந்தது. இச்சபைகளில் அரசாங்க உத்தியோகத்தரோடு நகரவாசிகள் தெரிவு செய்த உறுப்பினரும் அமர்ந்தனர். ஏன் இந்தச் சலுகை? நகரத்தின் வீதிக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் காவலுக்கும் நகரத்தாரே பொருள் தர வேண்டியிருந்தது. பொருளைக் கேட்கும்போது வாயை அடைத்தல் இயலாது என்பதை மாத்தளை கற்பித்திருந்தது. சட்டசபைக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்தல் மூலம் அனுப்பும் உரிமை, அதுவும் கற்றோருக்கு மாத்திரம் ஓர் ஆசனம் என்ற அளவில், 1911 ஆம் ஆண்டிலேயே வந்தது. அவ்வாசனத்தைச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் வென்றார் என்பதை நாமெல்லாம் அறிவோம். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே நகர வீட்டுக்காரர் வாக்களித்து விட்டனர் என்பதை அறிந்தோர் சிலரே.

அந்த வாக்குரிமை குறையுடையது என்பதையும் மறைத்தல் ஆகாது. சொத்துடையோருக்கே வாக்கு, தலைவர் பதவியோ அரசாங்க அதிபரின் கையில். வரி தந்த கை மட்டுமே வாக்கும் தரலாம் என்னும் நிலையில், வாடகைக் குடிலில் ஒதுங்கி அந்நகரத்தைக் கட்டிய உழைப்பாளிக்கு இடமில்லை. அக்குறை மெல்ல மெல்ல நீங்கியது. 1931 இல் இருபத்தொரு வயது நிறைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் அரசாங்க சபைத் தேர்தலில் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. காலப்போக்கில் உள்ளூர்ச் சபைகளிலும் சொத்துத் தகுதி நீங்கியது. 1937 இல் கொழும்பு மாநகரம் தன் முதலாவது மேயரைத் தெரிந்தெடுத்தது. அவர் இரத்தினசோதி சரவணமுத்து என்னும் தமிழ் மருத்துவர்.

பெரு நகரங்களில் நடப்பட்ட இந்த விதை பிற ஊர்களிலும் முளைத்தது. 1876 இல் சிறு நகரங்களுக்கு உள்ளூர்ச் சபைகள் வந்தன. 1920 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நகர மாவட்ட சபைகளுக்கு வழி வகுத்தது. 1939 இல் நகர சபைகளுக்கும், 1946 இல் பட்டின சபைகளுக்கும், 1947 இல் மாநகர சபைகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. யாழ்ப்பாணம் 1949 ஆம் ஆண்டு மாநகரமாயிற்று, சாம் ஏ. சபாபதி அதன் முதல்வரானார். கிராமச் சங்கங்களும் பட்டின சபைகளும் பின்னர் மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. அச்சபைகளின் எல்லைக்குள், விருத்தியடைந்த இடங்களெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளிலேயே இவ்வரி அறவிடப்படுகின்றது. நகரத்து வீட்டுக்குச் சோலைவரி இருக்க, தொலைக் கிராமத்து வீட்டுக்கு அது இல்லாதிருப்பதன் காரணம் இதுவே.

இம்முறையை நமக்குத் தந்த நாடே அதனைக் கைவிட்டு இடர்ப்பட்ட கதையும் ஒன்றுண்டு. வீட்டின் வாடகைப் பெறுமதியை நோக்கி வரி விதித்தல் வேண்டாம், வளர்ந்தோர் ஒவ்வொருவரும் தலைக்கு இவ்வளவு செலுத்துக என்று மார்கரெட் தாட்சர் அரசாங்கம் சட்டம் செய்தது. அச்சட்டம் 1989 இல் ஸ்கொத்லாந்திலும், 1990 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்தது. 1990 மார்ச் 31 ஆம் திகதி இலண்டன் மாநகரில் பெருங் கலகம் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் தாட்சர் பதவி துறந்தார். 1993 இல் தலைவரி நீங்கி, வீட்டின் பெறுமதியை அடிப்படையாகக் கொண்ட வேறொரு வரி வந்தது. மாத்தளையில் 1848 இல் எழுந்த குரலையும், இலண்டனில் 1990 இல் எழுந்த குரலையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். மொழி வேறு; நிறம் வேறு; முறையீடு ஒன்றே.

இனி, நம் கைக்கு வரும் அறிவித்தலை விரித்துப் பார்ப்போம். அதில் ஆண்டுப் பெறுமதி என்று ஒரு தொகை இருக்கும். அது வீட்டின் விலை அன்று. பழுதுபார்க்கும் செலவை உடையவனும், வரிகளைக் குடியிருப்போனும் ஏற்பதாகக் கொண்டால், அவ்வீடு ஓராண்டுக்கு எவ்வளவு வாடகை பெறும் என்னும் மதிப்பீடே அது. அத்தொகையில் நூற்றுக்கு இவ்வளவு எனச் சபை தீர்மானிக்கும் வீதமே வரி. ஓர் உதாரணம் கூறுவேன். ஆண்டுப் பெறுமதி 30,000 ரூபா, வீதம் நூற்றுக்கு 8 எனக் கொள்வோம். வரி 2,400 ரூபா. அதனை நான்கு காலாண்டுகளாகப் பிரித்தால் காலாண்டுக்கு 600 ரூபா. ஆண்டு முழுவதற்கும் உரிய தொகையை சனவரி 31 ஆம் திகதிக்குள் செலுத்துவோருக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு தருதல் சபைகளின் வழக்கம். எனவே அவர் 2,160 ரூபாவே கொடுப்பார். காலாண்டுதோறும் அதன் முதல் மாதத்திலேயே கொடுப்போருக்கு நூற்றுக்கு ஐந்து கழிவு. இழுப்பறையில் உறங்கும் கடிதம் இக்கழிவையும் தன்னோடு உறங்க வைக்கின்றது. நெடுங்காலம் செலுத்தாதோரின் அசையும் பொருள்களைக் கைப்பற்ற ஆணை பிறப்பிக்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு.

மதிப்பீடு மிகையென்று தோன்றினால் என் செய்வது? இங்கேதான் 1848 இன் குடிமகனுக்கு இல்லாத உரிமை நமக்கு உண்டு. மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின்படி, மதிப்பீட்டுப் புத்தகம் ஆதனமுடையோரின் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும். மதிப்பீட்டு அறிவித்தலில் ஆட்சேபம் தெரிவிப்பதற்கு ஒரு மாதத்துக்குக் குறையாத தவணை கொடுத்தல் வேண்டும். எழுத்தில் வந்த ஆட்சேபத்தைச் சபை விசாரித்தல் வேண்டும். அம்முடிவிலும் அமைதி கொள்ளாதவர் முப்பது நாளுக்குள் நீதிமன்றம் செல்லலாம். ஒன்றை மட்டும் நினைவில் இருத்துக. வரி அதிகம் என்று பொதுவாக முறையிடுவதால் பயன் இல்லை. ஆண்டுப் பெறுமதி அதிகம் என்பதைக் காட்ட வேண்டும். அதே வீதியில், அதே அளவும் அதே வசதியும் உடைய அயல் வீட்டின் பெறுமதியோடு ஒப்பிட்டுக் காட்டுதலே வலிய வாதம். தவணை கடந்தபின் எழுதும் ஆட்சேபம், மழை நின்றபின் விரித்த குடையை ஒக்கும்.

வேறோர் எச்சரிக்கையும் தேவை. சோலைவரிப் பற்றுச்சீட்டைக் காட்டி, வீடு எனதே என்று வாதிப்போர் உளர். பற்றுச்சீட்டு உறுதியாகாது. நொத்தாரிசு எழுதிப் பதிவு செய்த உறுதியே உரிமைக்குச் சான்று. அவ்வாறே, வீடு கைமாறினால் உறுதியின் பிரதியைச் சபையிடம் கொடுத்துப் பதிவேட்டில் பெயரை மாற்றுவித்தல் வேண்டும். பேரன் குடியிருக்கும் வீட்டுக்குப் பாட்டனார் பெயரில் அறிவித்தல் வருவது நம் ஊர்களில் சாதாரணம். போரினாலும் இடப்பெயர்வினாலும் குடும்பங்கள் சிதறிய வட கிழக்கிலே இது வெறும் எழுத்துப் பிழை அன்று. அறிவித்தல் உரியவர் கையை அடையாவிடில், ஆட்சேபிக்கும் உரிமையும் அவர் அறியாமலே கழிந்து போகும்.

வரியும் வாக்கும் இரட்டைப் பிள்ளைகள் என்றேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவைத்த காலங்களையும் நாம் கண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் உள்ளூர்ச் சபைத் தேர்தல் நடைபெறாதிருந்து, 1998 சனவரியிலேயே மீண்டும் நடைபெற்றது. நாடு முழுவதிலும் சபைகளின் தவணை 2023 மார்ச் மாதத்தில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதியே நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். வரி அறிவித்தல் மட்டும் தவறாமல் வந்தது. இவ்வாறு வாக்கு நின்று வரி நில்லாத காலத்தில் நாம் சினந்தோமா? அல்லது தெரிவு செய்த சபை இல்லாததை உணராமலே இருந்தோமா? இவ்வினாவுக்கு ஒவ்வொருவரும் தமக்குள்ளே விடை கூறிக் கொள்க.

மறுபக்கமும் உண்டு. வாக்கைக் கேட்டு வாங்கி, வரியை மட்டும் தள்ளிவைப்போர் நம்மிடையே குறைவல்லர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எண்ணிப் பாருங்கள். 1959 இல் திறக்கப்பட்ட அதன் கட்டடத்துக்கு மக்கள் நன்கொடைகள் பல சேர்ந்தன. 1981 இல் அது தீக்கிரையாயிற்று. பின்னர் மீண்டும் எழுந்தது. ஆயினும், நன்கொடை ஒருநாட் கொடை. கதவை நாள்தோறும் திறக்கவும், நூல்களைப் பேணவும், ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவும் மாநகர சபைக்கு ஆண்டுதோறும் வருவாய் வேண்டும். எரிந்த நூலகத்துக்காகக் கண்ணீர் விடும் நாம், எழுந்து நிற்கும் நூலகத்தைக் காக்கும் சபைக்குரிய காசைக் காலத்தில் கொடுத்தல் கடன் அன்றோ?

நம் பாடசாலைகளில் மாணவர் வேந்தர்களின் பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்புவிக்கின்றனர். தம் வீதியைக் கூட்டுபவரின் சம்பளம் எங்கிருந்து வருகின்றது என்று வினவினால் விழிக்கின்றனர். குடியியற் கல்வியைத் தொடங்குவதற்கு அந்த வரி அறிவித்தலை விடச் சிறந்த பாடநூல் இல்லை. அதைப் பிள்ளைகளின் முன்னே விரித்து வையுங்கள். பெறுமதியைக் கணக்கிடச் செய்யுங்கள். பிழையிருந்தால் ஆட்சேபம் எழுதக் கற்பியுங்கள். பிழையில்லையேல் காலத்தில் செலுத்துங்கள். செலுத்திய பின், அப்பணம் என்னவாயிற்று என்று உங்கள் உறுப்பினரைக் கேளுங்கள். கொடுத்தவன் கேட்கும் கேள்விக்கு வலிமை அதிகம்.